நோட்டா, போனா, குட்ரீட்ஸா: படிக்க வேண்டிய நாவல்களை எதில் எழுதி வைப்பது?

திருநெல்வேலிப் பக்கத்தில் நாவல் படிக்கிறவரைத் தேடிப் புத்தகப் பெயர்கள் தானாகவே வந்துகொண்டிருக்கும். பாளையங்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் நாலு பெயர் காதில் விழும். பொருநை புத்தகத் திருவிழாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் நாற்பது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தமிழாசிரியராக இருந்துவிட்டால், கை கழுவ எழுவதற்குள் இன்னும் இரண்டு. கேட்கும்போது எல்லாமே உடனே படிக்கவேண்டியதாகத்தான் தோன்றும். ஒரு வாரம் கழித்து ஆசிரியர் பெயர் மட்டும் நிற்கும், அல்லது அட்டையின் நிறம் மட்டும்.

இந்த மண்ணின் நாவல்களை மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டாலே பட்டியல் நீண்டுவிடும். பெருங்குளத்து அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-இல் வந்தது. அங்கிருந்து தொடங்கவேண்டும். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முந்தைய பழைய நெல்லைச் சீமையைக் கணக்கில் எடுத்தால், 2012, 2013, 2014 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்தச் சீமைக்காரர்கள் எழுதிய நாவல்களுக்கே கிடைத்திருக்கிறது: டி. செல்வராஜின் ‘தோல்’, உவரிக்காரரான ஜோ டி குருஸின் ‘கொற்கை’, பூமணியின் ‘அஞ்ஞாடி’. அதற்கு முன்னால் 1991-இல் கி. ராஜநாராயணன், பின்னால் 2019-இல் சோ. தர்மன். இதெல்லாம் விருது பெற்றவை மட்டும். விருது எட்டிப் பார்க்காத நல்ல நாவல்கள் இதைவிட எத்தனையோ மடங்கு. இத்தனையையும் மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. எழுதித்தான் வைக்கவேண்டும்.

எதில் எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. நோட்டு, போன் குறிப்பு, வாட்ஸ்அப், புத்தகப் பட்டியல் வைப்பதற்கென்றே இருக்கும் குட்ரீட்ஸ் மாதிரிச் செயலி, பலர் சேர்ந்து நிரப்பக்கூடிய இணைய அட்டவணையான கூகுள் ஷீட், எழுதவே வேண்டாம் புத்தகத்தையே வாங்கி அடுக்கிவிடலாம் என்கிற வழியும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் நாவல்களை நூலகத்திலும் புத்தகத் திருவிழாவிலும் எடுத்துப் படிக்கிறவருக்கு நோட்டுதான் சரி. ஆங்கில நாவல்களும் ஆங்கிலத்தில் வரும் மொழிபெயர்ப்புகளும் அதிகம் படிக்கிறவருக்குச் செயலி. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் படிக்கிற கூட்டத்துக்கு ஷீட். மற்றவற்றுக்கும் இடமுண்டு, ஆனால் துணைக்குத்தான்.

இதை எப்படித் தீர்மானித்தேன் என்றால், பட்டியலுக்கு எப்போதெல்லாம் வேலை வருகிறது என்று பார்த்துத்தான். மூன்று வேளைகளில் வருகிறது. ஒரு பெயர் காதில் விழும்போது. புத்தகத்தை எடுக்கவோ வாங்கவோ போய் நிற்கும்போது. கையிலிருந்த நாவலை முடித்துவிட்டு அடுத்தது எது என்று யோசிக்கும்போது. முதலாவதற்கு வேகம் வேண்டும், இரண்டாவதற்கு விவரம் வேண்டும். மூன்றாவதற்குக் காரணம் வேண்டும்: இந்த நாவலை யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள், நமக்கு அதில் என்ன ஆசை வந்தது.

பெரும்பாலானவர்கள் முதல் வேளையை மட்டும் நினைத்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டென்று குறிக்க முடிகிறதா என்பதோடு சரி. ஆனால் பட்டியல் உபயோகமில்லாமல் போவது மூன்றாவது வேளையில். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் ‘அஞ்ஞாடி’யை முடித்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக நீளும் அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்து பட்டியலைத் திறக்கிறோம். அங்கே அறுபது தலைப்புகள் வரிசையாக இருக்கின்றன, தலைப்பு மட்டும். எதை எடுப்பது? எல்லாமே ஒன்றுபோலத் தெரிகிறது. மூடிவைத்துவிட்டு, யாரோ புதிதாகச் சொன்ன இன்னொன்றை எடுத்துப் படிக்கப் போய்விடுகிறோம். அறுபது அறுபத்தொன்றாகிறது. எந்த வழியானாலும் இந்த மூன்றாவது வேளையில் அது என்ன தருகிறது என்று பார்த்துத்தான் நான் எடை போடுகிறேன்.

நோட்டு

நோட்டில் பேனாவை வைத்ததும் தலைப்போடு இன்னும் நாலு வார்த்தை தானாகவே வந்துவிடுகிறது. இதுதான் அதன் பெரிய பலம். போனில் தலைப்பை அடித்து முடித்ததும் விரல் நின்றுவிடும். காகிதத்தில் கோடு முடியும் வரை இடம் இருக்கிறதே என்று கை தொடர்ந்து எழுதும். ஒரு பக்கத்தை அப்படியே காட்டினால் விளங்கும்:

‘ரெயினீஸ் ஐயர் தெரு. வண்ணநிலவன். சின்னது. பாளையங்கோட்டை. சித்தி சொன்னது: “கதைன்னு தேடாத, தெருவப் பாரு.” நூலகத்தில் உண்டு.

பஞ்சும் பசியும். தொ.மு.சி. ரகுநாதன். 1953. அம்பாசமுத்திரம் பக்கத்து நெசவாளர் கதை. வீரவநல்லூர் அத்தான் சொன்னது. அவங்க வீட்டில தறி இருந்திருக்கு. படிச்சிட்டு அவங்களோட பேசணும்.

கோபல்லபுரத்து மக்கள். கி.ரா. இதுக்கு முன்னால கோபல்ல கிராமம் படிக்கணும்.

அஞ்ஞாடி. பூமணி. ரொம்பப் பெரிசு. மே லீவுக்கு.’

நாலு பதிவும் நாலு விதம். ஒன்றில் எப்படிப் படிக்கவேண்டும் என்ற குறிப்பு, ஒன்றில் யாரோடு பேசுவதற்காக என்ற காரணம், ஒன்றில் வரிசை, ஒன்றில் காலம். அடுத்து எது என்று திறந்து பார்க்கும்போது அந்த நேரத்து மனநிலைக்கு எது ஒத்துவரும் என்பதை இந்தக் குறிப்புகளே சொல்லிவிடும். சித்தியின் குரலோடு ஒரு நாவல் பட்டியலில் இருப்பதற்கும் வெறும் பெயராக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. அந்தக் குரலுக்காகவே எடுத்துப் படித்த புத்தகங்கள் உண்டு.

டைரி வேண்டாம். புது வருஷத்துக்கு வங்கியிலும் நகைக்கடையிலும் கொடுக்கிற டைரியில் தேதி அச்சாகி இருக்கும். ஒரு நாளில் ஆறு பெயர் வரும், பிறகு ஒரு மாதம் ஒன்றும் வராது. தேதிக்கும் பட்டியலுக்கும் பொருந்தாது. பைக்குள் அடங்குகிற அளவில், கோடு போட்ட, தைத்த நோட்டு ஒன்று போதும். சுருள் கம்பி போட்டதில் தாள் எளிதில் பிய்ந்துவிடும். இடது பக்கத்தில் கேள்விப்பட்டதை எழுதி, எதிரே வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு. புத்தகம் கிடைத்ததும் எங்கே கிடைத்தது என்றும், படித்து முடித்ததும் ஒரு வரியும் வலப்பக்கத்தில் எழுதலாம். சொன்னவர் சொன்னதும் நமக்குத் தோன்றியதும் எதிரெதிரே நிற்கும். சில வருஷம் போனால் யாருடைய ரசனை நமக்கு ஒத்துவருகிறது என்பது அந்த இரண்டு பக்கங்களிலிருந்தே தெரிந்துவிடும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது, ஏனென்றால் சித்தியும் வீரவநல்லூர் அத்தானும் அதில் இல்லை.

எடுக்கப் போகும் வேளைக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது எந்த வழிக்கும் பொருந்தும். நூலகத்தில் ஆசிரியர் பெயர் தெரியவேண்டும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகமானாலும் ஊரிலுள்ள கிளை நூலகமானாலும், “அண்ணாச்சி, தறிக்காரங்களைப் பத்தி ஒரு நாவல், கொஞ்சம் பழசு…” என்று இழுத்தால் நூலகரால் என்ன செய்ய முடியும்? “ரகுநாதன், பஞ்சும் பசியும்” என்றால், “இருங்க, உள்ள பாக்கேன்” என்று எழுந்துவிடுவார். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துறைக்கு எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது. நாம் முழுப் பெயரோடு போய் நின்றால் நூலகரின் நேரமும் சேர்ந்து மிஞ்சும்.

புத்தகத் திருவிழாவில் கதை வேறு. அங்கே அரங்குகள் பதிப்பகங்களின் பெயரில் இருக்கின்றன. எந்தப் பதிப்பகம் என்று தெரியாமல் ஒரு நாவலைத் தேடுவது கால் வலிக்கிற வேலை. தமிழில் ஒரே நாவல் காலப்போக்கில் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்குக் கைமாறியிருக்கும், ஆகவே இப்போது யார் போடுகிறார்கள் என்பதைத்தான் குறிக்கவேண்டும், முதல் பதிப்பு யார் போட்டார்கள் என்பதை அல்ல. திருவிழா அறிவிப்பு வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதிப்பக வாரியாக ஒருமுறை எழுதிக்கொண்டால், உள்ளே நுழைந்ததும் நேரே அந்த அரங்குக்குப் போகலாம். மிச்ச நேரம் முழுவதும் தெரியாத புத்தகங்களைப் புரட்டலாம். திருவிழாவுக்குப் போவதே அதற்காகத்தானே.

நோட்டின் குறைகளும் உண்மையானவைதான். கூட்டம் முடிந்து வெளியே நிற்கும்போது நோட்டு வீட்டில் இருக்கும். ஒரே ஆசிரியரின் நாலு நாவல்கள் நாலு பக்கத்தில் சிதறிக் கிடக்கும். தொலைந்தால் மொத்தமும் போச்சு. முதலாவதற்குப் போன் துணை. இரண்டாவதற்கு, ஒரே ஆசிரியரை மேலும் மேலும் படிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும் அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிவிடலாம். மூன்றாவதற்கு, ஒவ்வொரு பக்கமும் நிறைந்ததும் போனில் படம் எடுத்து வைத்தால் போதும்.

போனும் வாட்ஸ்அப்பும்

கேட்ட மாத்திரத்தில் குறிக்க இதைவிட வசதி வேறில்லை. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 இறுதியில் வந்தது. அதற்கு முன்னால் தன்னை மட்டும் வைத்து ஒரு குழு உண்டாக்கி அதில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பலர். கடையில் பார்த்த அட்டையைப் படம் எடுப்பதும், கூட்டத்தில் பேசுகிறவர் சொல்லும் பெயரைக் குரல் பதிவாகப் போடுவதும் நொடி வேலை. தமிழில் தட்டச்சு செய்யச் சுணக்கமாக இருக்கிறவர்களுக்குக் குரல் பதிவு ரொம்ப உதவி.

ஆனால் அதே இடத்தில்தான் மின்கட்டண ரசீது, ஆதார் நகல், மளிகைப் பட்டியல் எல்லாம் கிடக்கும். நாவலின் பெயர் இரண்டு வாரத்தில் மேலே போய்விடும். படமாக எடுத்த அட்டை ஆயிரம் படங்களுக்கு நடுவில் எங்கோ இருக்கும். எழுதாமல் படமாக எடுத்தால் காரணம் என்று ஒன்றுமே பதியாது. ஆகவே போன் வாசல் திண்ணைதான், உள்வீடு அல்ல. வந்த பெயர்களை வாரம் ஒருமுறை நோட்டிலோ ஷீட்டிலோ எடுத்து எழுதி, போனிலிருந்து அழித்துவிடவேண்டும். எழுதும்போதே சிலவற்றை விட்டுவிடத் தோன்றும். அப்படித் தோன்றினால் விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

குட்ரீட்ஸ் வகையறா

குட்ரீட்ஸ் 2007-இல் தொடங்கியது. 2013-இல் அமேசான் வாங்கியது. படிக்க வேண்டியது, படித்துக்கொண்டிருப்பது, படித்து முடித்தது என்று மூன்று அடுக்குகள் எடுத்த எடுப்பிலேயே இருக்கும், வேண்டுமானால் நாமே புதிய அடுக்குகள் போட்டுக்கொள்ளலாம். புத்தகத்தின் பின்னட்டையிலுள்ள பார்கோடை போன் காமிராவில் காட்டினால் புத்தகத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலப் புத்தகங்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. தொடர் நாவலானால் எது முதல், எது இரண்டாவது என்று வரிசை காட்டும். பக்க எண்ணிக்கை தெரியும். முதலில் எந்த ஆண்டு வந்தது என்பதும் பெரும்பாலும் தெரியும். உலக நாவல்களை ஆங்கிலத்தில் தேடித் தேடிப் படிக்கிற நண்பர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

தமிழ் நாவலுக்கு வரும்போது பிடி தளர்கிறது. காரணங்கள் தெளிவானவை. அந்தப் பார்கோடு ஐ.எஸ்.பி.என் என்கிற புத்தக எண்ணை நம்பி நடப்பது. இந்தியப் புத்தகங்களில் அந்த எண் 978-க்குப் பிறகு 81 அல்லது 93 என்று தொடங்கும். பழைய பதிப்புகள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. 1953-இல் வந்த நாவலின் முதல் பதிப்பில் எப்படி இருக்கும்? அப்போது அந்த முறையே உருவாகவில்லை. ஆக, பழைய புத்தகக் கடையில் எடுத்த பிரதியைக் காமிராவில் காட்டிப் பயனில்லை. தட்டச்சு செய்து தேடவேண்டும். தேடும்போது, ஒரே நாவல் ஒரு பதிவில் தமிழ் எழுத்திலும் இன்னொரு பதிவில் ஆங்கில எழுத்திலும் இருக்கலாம். ‘ரெயினீஸ் ஐயர்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். ஆசிரியர் பெயருக்கும் இதே கதி. இதையெல்லாம் ஒன்றுசேர்க்கத் தன்னார்வலர்கள் உழைக்கிறார்கள், ஆனாலும் தமிழ்ப் புத்தகங்களின் அளவுக்கு அந்த உழைப்பு எட்டவில்லை.

இன்னொரு விஷயம் நட்சத்திரக் குறி. லட்சம் பேர் மதிப்பெண் போட்ட ஆங்கில நாவலுக்கு அந்தச் சராசரி ஏதோ ஒன்றைச் சொல்லலாம். ஒரு கைக்குள் எண்ணிவிடக்கூடிய பேர் மதிப்பெண் போட்ட தமிழ் நாவலுக்கு அது எதையும் சொல்லாது. ஆனால் பட்டியலைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த எண்தான். 3.6 என்று பார்த்ததும் மனம் பின்வாங்கிவிடும். அதை யார் போட்டார்கள், எந்த எதிர்பார்ப்போடு படித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. நமக்கே உரிய குறிப்பு எழுதிக்கொள்ள அதிலும் இடம் இருக்கிறது, ஆனால் அது உள்ளே போய்த் திறந்தால்தான் தெரியும். அட்டையும் நட்சத்திரமும் முன்னால் நிற்க, சித்தி சொன்னது பின்னால் ஒளிந்துகொள்ளும்.

வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்கும் வசதியும் உண்டு. படிக்கத் தொடங்குகிறவருக்கு அது ஊக்கம் தரும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கைதான் கணக்கு என்று ஆனதும் கை மெல்லிய புத்தகங்களையே தேடும். ‘கொற்கை’யும் ஒன்று, நூறு பக்கக் குறுநாவலும் ஒன்று என்றால், பரதவர் வாழ்க்கையை அத்தனை பக்கங்களில் எழுதியிருக்கும் நாவலை யார் இந்த வருஷம் எடுப்பார்கள்? டிசம்பர் நெருங்க நெருங்க அது பின்னால் தள்ளிப்போகும். பெரிய நாவல்கள் இத்தனை வந்திருக்கிற ஒரு சீமையில் இருந்துகொண்டு அப்படி ஒரு கணக்கை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஸ்டோரிகிராஃப் என்கிற செயலியில் பக்கக் கணக்கிலும் இலக்கு வைக்கலாம், அது கொஞ்சம் தேவலை. குட்ரீட்ஸிலிருந்து பட்டியலைக் கோப்பாக இறக்கி ஸ்டோரிகிராஃபில் ஏற்றிக்கொள்ளவும் முடியும். எந்தச் செயலியில் இருந்தாலும் அவ்வப்போது இப்படி ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கூகுள் ஷீட்

தனியாகப் படிக்கிறவருக்கு ஷீட் அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். கட்டம் கட்டமாக நிரப்புவதில் இறங்கினால் நாவல் படிக்கிற நேரத்தை அது தின்றுவிடும். ஆனால் கூட்டாகப் படிக்கிறவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. கல்லூரி விடுதியில் ஐந்து பேர், அல்லது ஒரு தெருவில் மூன்று வீடு, அல்லது ஊரில் ஒரு தம்பி, சென்னையில் ஓர் அக்கா, துபாயில் ஒரு மச்சான் என்று சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பம். புத்தகம் விலை கூடிவிட்டது. ஆளுக்கு இரண்டு வாங்கி மாற்றிக்கொண்டால் எல்லாருக்கும் பத்து கிடைக்கும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பது. நோட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அப்படிக் கூட்டாக வைக்கும் ஷீட்டில் ஆறு கட்டங்களுக்கு மேல் வேண்டாம்: நாவல், ஆசிரியர், பதிப்பகம், யார் சொன்னது, ஏன், யார் கையில். ‘ஏன்’ என்கிற கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த வரியைச் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளவேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிறவர் கிளம்புவதற்கு முன்னால் ஷீட்டைப் பார்த்து, “அண்ணன், ‘சாய்வு நாற்காலி’ உங்ககிட்டதான இருக்கு, எடுத்து வைங்க, நான் வந்து வாங்கிக்கிடுதேன்” என்று சொல்ல முடிகிறது. அதை எழுதிய தோப்பில் முஹம்மது மீரான் பல காலம் வாழ்ந்தது நம் திருநெல்வேலியில்தான். அவர் நாவலை ஊருக்கு வந்து ஊரிலேயே இருந்து படிப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

போனில் ஷீட்டை இணையம் இல்லாமலும் திறக்க, முன்கூட்டியே அந்த வசதியைப் போட்டு வைக்கவேண்டும். நூலகத்தின் உள்ளறையில் சிக்னல் போய்விட்டால் அப்போது தேடிப் பயனில்லை.

வாங்கி அடுக்குவது

பட்டியலே வேண்டாம், ஆசைப்பட்டதை வாங்கி வைத்துவிட்டால் அலமாரியே பட்டியல் என்கிறவர்களை நான் மறுக்கமாட்டேன். தமிழ் நாவல்கள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன. தீர்ந்துவிட்டால் அடுத்த பதிப்பு எப்போது என்று பதிப்பாளருக்கே தெரியாது. ஆகவே நீண்ட நாள் தேடிய நாவல் கண்ணில் பட்டால், இப்போது படிக்க நேரமிருக்கிறதா என்று யோசிக்காமல் வாங்கிவிடவேண்டும். அதற்காக மட்டும் கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்கலாம். மற்றபடி, எப்போதும் கிடைக்கக்கூடியவற்றையும் நூலகத்தில் இருப்பவற்றையும் வாங்கிக் குவிப்பதற்கு எல்லார் வீட்டிலும் இடமும் இல்லை, பணமும் இல்லை. வாங்கினால் முதல் தாளில் யார் சொல்லி வாங்கியது என்று பென்சிலால் எழுதி வைக்கலாம். நோட்டின் வேலையை அந்தத் தாள் செய்யும்.

அமேசானின் மின்புத்தக வசதியான கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் வருகின்றன. அதில் மாதிரிப் பக்கங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது பட்டியலுக்கு நல்ல உதவி. நாலு பக்கம் படித்துப் பார்த்தால் அந்த நடை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும், பிறகு காகிதத்தில் வாங்கினாலும் சரி. காப்புரிமை முடிந்த பழைய நாவல்களுக்குக் காசே வேண்டாம். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் காலமாகி அறுபது ஆண்டுகள் போனால் உரிமை தீர்ந்துவிடும். மாதவையா காலமானது 1925-இல். அவர் நூல்களையும் அந்தக் காலத்து நூல்களையும் இணையத்தில் சட்டப்படியே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய பதிப்புகள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்டவற்றுக்கு எதிரே நோட்டில் ‘நெட்’ என்று ஒரு குறி போட்டுவிட்டால், எங்கும் தேடி அலையவேண்டியதில்லை.

யாருக்கு எது

செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரத்திலிருந்தோ கல்லிடைக்குறிச்சியிலிருந்தோ தினம் வேலைக்கு வந்துபோகிறவருக்கு, படிக்கிற இடம் ரயில். அவர் பட்டியலில் புத்தகத்தின் கனம் ஒரு முக்கியமான விவரம். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘அஞ்ஞாடி’ படிக்க முடியாது. ரயிலுக்குச் சின்னது, வீட்டுக்குப் பெரியது என்று நோட்டில் இரண்டாகப் பிரித்து வைத்தால் இரண்டும் ஒரே சமயத்தில் நகரும். கிண்டில் இருந்தால் இந்தக் கவலை இல்லை, ஆனால் தமிழின் எல்லா நாவல்களும் அதில் இல்லை.

கல்லூரி மாணவருக்கு நூலக அட்டையும் ஒரு நோட்டும் போதும். செயலி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த வயதில் ஊரில் இருக்கிற வாசகர்களிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்வதுதான் பெரிய லாபம். பேராசிரியர், நூலகர், கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்று யாரிடமும், “ஐயா, ஒரு நாவல் சொல்லுங்க” என்று நோட்டை நீட்டிக் கேட்கலாம். பல பேர் தாங்களே வாங்கி எழுதித் தருவார்கள். கையெழுத்தோடு ஒரு பெயர் பட்டியலில் இருந்தால் அதைப் படிக்காமல் விட மனசு வராது.

கண் பார்வை மங்கிய பெரியவர்களுக்கு நோட்டிலேயே பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நாலு பெயர். எழுதித் தருவது பேரப்பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும், அவர்கள் காதிலும் நாலு பெயர் விழும்.

ஆங்கிலத்திலும் தமிழிலும் சம அளவு படிக்கிறவர் இரண்டையும் ஒன்றில் திணிக்க வேண்டாம். ஆங்கிலத்துக்குச் செயலி, தமிழுக்கு நோட்டு என்று பிரித்துவிடலாம். பூமணியின் ‘வெக்கை’ மாதிரி இரண்டு மொழியிலும் கிடைக்கிற நாவலைத் தமிழ் நோட்டில் எழுதுவதே சரி. மூலத்தைப் படிக்க முடிகிறவர் மூலத்தைத்தான் படிக்கவேண்டும்.

ஏற்கெனவே செயலியிலோ போனிலோ நீளமாக ஒரு பட்டியல் வைத்திருப்பவர் நோட்டுக்கு மாறவேண்டும் என்றால், எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து எழுத உட்காரவேண்டாம். ஒவ்வொரு பெயரையும் பார்க்கும்போது யார் சொன்னார், ஏன் என்பது நினைவுக்கு வந்தால் மட்டும் நோட்டில் ஏறட்டும். மற்றவை பழைய இடத்திலேயே இருக்கட்டும், நல்ல நாவலானால் இன்னொருவர் வாயிலிருந்து மறுபடி வரும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் பக்கத்துக்கு மூன்று பெயர் நான் தருகிறேன், காரணத்தோடு. ‘கோபல்ல கிராமம்’: ஓர் ஊர் எப்படி உண்டானது என்பதைக் கி.ரா. சொல்வதைக் கேட்பதற்கு. ‘ரெயினீஸ் ஐயர் தெரு’: பாளையங்கோட்டையில் நாம் நடந்துபோகும் தெருக்களில் எத்தனை வாழ்க்கை இருக்கிறது என்று பார்ப்பதற்கு, படித்த கையோடு அந்தப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். ‘ஆழி சூழ் உலகு’: ஜோ டி குருஸ் 2004-இல் எழுதிய முதல் நாவல், கடற்கரை ஊர்களின் பேச்சு முதல் சில பக்கங்களில் கடினமாக இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் நிறுத்த முடியாது. சொன்னது யார் என்ற இடத்தில் என்னையே போட்டுக்கொள்ளுங்கள்.